தோல் கண்காட்சிக்குப் போன மிருதங்கம்

முதல் நாள்: மாட்டுப் பொங்கல்

தோழிகள் மூவரும் தங்கள் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இருக்கும் ஊரையே பெயராக வைத்துவிட்டேன்: துபாய், ஆம்பூர், மன்னார்குடி. நான் திருச்சி. நால்வரும் தஞ்சாவூரில் ஒரே விடுதி அறையில் மூன்று வருடம் குடித்தனம் நடத்தியவர்கள். துபாய் நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஒரு நல்ல கைப்பை வாங்க வேண்டுமாம். பொங்கல் விடுமுறையில் தஞ்சாவூரில் ஒரு ஹோட்டலில் உயர்ரகத் தோல் பொருள் கண்காட்சி என்ற விளம்பரத்தை நான்தான் அனுப்பினேன். துபாயில் கிடைக்காத கைப்பையா என்று யாரும் கேட்கவில்லை. நால்வருக்கும் சேர்ந்து ஊர் சுற்ற ஒரு சாக்கு தேவைப்பட்டது.

காலை ஏழு மணிக்குத் திருச்சி விமான நிலையத்தில் துபாயை ஏற்றிக்கொண்டோம். ஆம்பூர் முந்தைய இரவே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அங்கே ஒரு ஷூ தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாகத் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். கார் செம்பட்டு என்ற இடத்தைக் கடக்கும்போது கண்ணாடியை இறக்கச் சொன்னாள். துபாய் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆம்பூர் மூச்சை நன்றாக இழுத்து, "பட்டை வாசனை" என்றாள், யாரோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல.

செம்பட்டு என் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் கூடம் உண்டு, நாற்றம் அடிக்கும் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் ஆவாரம் பட்டை ஊறிய நீரில் பதனிட்டு, கடுக்காயில் முடித்த தோலைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்கு ஏற்றினார்களாம். அதனால் அதற்கு இன்றும் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றே பெயர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. பின்னால் வாட்டில் மரப்பட்டைச் சாறு வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டதாம். ஆவாரம்பூவைச் சர்க்கரை நோய்க்குக் குடிக்கும் என் மாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

மாலையில் பெரிய கோவில். மாட்டுப் பொங்கல் அன்று நந்திக்குக் காய்கறி அலங்காரம் செய்வார்கள். கத்தரிக்காய், வாழைக்காய், பூசணி, கரும்பு, ஜாங்கிரி, முறுக்கு என்று அந்தப் பெரிய கல் எருதின் மேல் ஒரு சந்தையே தொங்கியது. நாங்கள் பார்த்தபோது ஒரு முள்ளங்கி கழன்று விழுந்தது. அதை எடுக்க நான்கு பேர் பாய்ந்தார்கள்.

செருப்பு வைக்கும் இடத்தில் டோக்கன் வாங்கும்போது ஆம்பூர் ஒன்று சொன்னாள். "என் தோல் செருப்பை வெளியே விடு என்கிறார்கள். இவளுடைய தோல் கைப்பை உள்ளே வருகிறது. அதோ தவில்காரர் போகிறார், அவர் தோலை சன்னிதி வரை கொண்டு போவார்." துபாய் தன் கைப்பையைச் சட்டென்று புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். யாரும் கேட்கப்போவதில்லை என்றாலும்.

இரண்டாம் நாள்: கண்காட்சி

மன்னார்குடி நேராகக் கண்காட்சி வாசலுக்கே வந்து சேர்ந்தாள். கார் டிக்கியில், பச்சை உறை போட்ட மிருதங்கம் ஒன்று. அவள் மகனுடையது. நாளை தஞ்சாவூரில் வாரை இழுத்துக் கட்டக் கொடுக்க வேண்டுமாம். டிக்கியில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்களோ என்று பயந்து கையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் காவலர் மறித்தார்.

"இதை உள்ளே விட முடியாது அம்மா. பெரிய பொருள் எதுவும் கூடாது."

"தோல் பொருள்தான் ஐயா, கண்காட்சியும் தோல் கண்காட்சிதானே" என்றாள் ஆம்பூர்.

அவர் சிரிக்கவில்லை. மிருதங்கம் திரும்பக் காருக்குப் போனது. கார் வெயிலில் நின்றது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே குளிரூட்டிய மண்டபம், மெல்லிய இசை, மஞ்சள் விளக்குகள். ஒவ்வொரு பையும் தனித்தனிக் கண்ணாடிப் பெட்டிக்குள், பிரசவ வார்டில் குழந்தை போல. எழுபது எண்பது ஆயிரத்தில் விலைச்சீட்டு. எங்கே திரும்பினாலும் இத்தாலி. இத்தாலியத் தோல், இத்தாலியத் தையல், இத்தாலிய பாணி. மூன்றும் மூன்று வேறு பொருள் என்று ஆம்பூர் காதோடு சொன்னாள்: முதலாவது தோல் அங்கிருந்து வந்தது, இரண்டாவது தைத்தது அங்கே, மூன்றாவது இரண்டுமே இல்லை.

ஆம்பூருடன் கண்காட்சிக்குப் போவது டாக்டரோடு கல்யாணப் பந்திக்குப் போவது போல. எதையும் நிம்மதியாக ரசிக்க விட மாட்டாள். பையின் முகப்பைப் பார்க்கவே மாட்டாள். திருப்பி உள்தையலைப் பார்ப்பாள், ஓரத்தை நகத்தால் நெருடுவாள். வெட்டிய ஓரத்தில் நார் நாராகத் தெரிந்தால் தோல். அட்டையை வெட்டியதுபோல ஒரே சீராக இருந்தால், தோல் தூளைப் பசையில் குழைத்துத் தாளாக அழுத்தியது. விரலால் அழுத்தினால் தோலின் மேல் சின்னச் சுருக்கம் ஓடி மறைய வேண்டும். "ஜெனுயின் லெதர்" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தால் மகிழ வேண்டாம். அதில் தோல் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த வார்த்தைக்குப் பொருள் இல்லை, நல்ல தோலா என்று அது சொல்லாது.

ஒரு கடையில் முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாகக் கறுப்புப் பை. துபாய் அதன் முன்னால் நின்றுவிட்டாள். விற்பனைப் பையன் "குரோக்கடைல், மேடம்" என்றான்.

"குரோக்கடைல் என்றால் குரோக்கடைலா, குரோக்கடைல் டிசைனா?" என்று கேட்டாள் ஆம்பூர்.

பையன் ஒரு நொடி யோசித்து, "டிசைன்" என்றான். நல்ல பையன். மாட்டுத்தோலின் மேல் சூடான தகட்டை அழுத்தி எடுத்த கட்டங்கள் அவை. நிஜ முதலை என்றால் வீட்டுக்கு ஓர் அதிகாரி வருவார். நம் முதலைகள் 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார்குடி இடையில் புகுந்து, "நிஜ முதலை வேண்டுமென்றால் அணைக்கரைக்குப் போங்கள், கொள்ளிடத்தில் படுத்திருக்கும்" என்றாள். பையனுக்கு மதுரைப் பக்கம் போலிருக்கிறது, நம்பவே இல்லை.

பிறகு நடந்ததை எழுதலாமா என்று துபாயிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன். அவள் தோளில் இருந்தது லூயி வித்தோன் பை. பழுப்பு நிறத்தில் பூவும் எழுத்துமாக இருக்குமே, உலகத்துக்கே தெரிந்த அந்த மோனோகிராம். 1896 முதல் போட்டுவரும் அச்சு. கணவர் பத்தாம் திருமண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது. ஆம்பூர் அதை வாங்கி, திருப்பி, முகர்ந்து, "அருமையான பை" என்றாள். பிறகு, "ஆனால் உடம்பு தோல் இல்லை, பூச்சுப் பூசிய கித்தான்" என்றாள்.

பேரமைதி. எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

"கைப்பிடியும் ஓரப்பட்டையும்தான் தோல். அதுதான் அழகு. பார், வாங்கும்போது வெளிர் நிறமாக இருந்திருக்கும், இப்போது தேன் நிறம். தாவரப் பட்டையில் பதனிட்ட தோல், சாயம் போடாதது. வெயிலும் உன் கை எண்ணெயும் சேர்ந்து பத்து வருடத்தில் போட்ட நிறம் இது. இதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது."

துபாய் அதன்பிறகு நாள் முழுவதும் கைப்பிடியையே தடவிக்கொண்டிருந்தாள். கித்தான் என்பது அந்தக் கம்பெனியே மறைக்காத விஷயம்தான். பயணப் பெட்டி செய்தவர்கள், எடை குறைவாகவும் தண்ணீர் இறங்காமலும் இருக்கத் துணிக்குப் பூச்சுப் போட்டார்கள். நாம்தான் கேட்பதில்லை.

மண்டபத்தின் கடைசியில், கழிப்பறைக்குப் போகும் வழியில், கண்ணாடிப் பெட்டி இல்லாத ஒரே கடை. இளம் தம்பதி. நோட்டுப் புத்தக உறை, பெல்ட், சாவிக் கொத்து. எல்லாம் பூச்சில்லாத பழுப்பு. திருச்சித் தோல் என்று சொன்னபோது ஆம்பூர் அங்கேயே நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஓர் உறையின் மேல் குறுக்காக வெளிர்க் கோடு. முள்வேலிக் கீறல். இன்னொன்றில் புள்ளி புள்ளியாக உண்ணிக் கடி. ஒரு பெல்ட்டின் ஓரம் தடித்துப் பளபளப்பாக இருந்தது. நுகத்தடித் தழும்பு என்றார் அந்தப் பெண்.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. பெரிய கம்பெனிகளுக்கு வேண்டியது கீறலே இல்லாத தோல். நம் மாடு ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது, கருவேல முள்ளில் உரசியது, சூடு வாங்கியது. அதன் தோலில் எல்லாம் எழுதியிருக்கும். ஆகவே மேல்முகத்தைச் சீவி எடுத்துவிட்டு, பூச்சுப் பூசி, முதலையோ தீக்கோழியோ அச்சுக் குத்திவிடுகிறார்கள். எண்பதாயிரம் ரூபாய்க் கண்ணாடிப் பெட்டிகளில் பாதி, மாடு வாழ்ந்த அடையாளத்தை அழித்ததற்கான கூலி. ஆம்பூர் இதை ஒப்புக்கொள்ளவில்லை, "கீறல் விழுந்த தோலைத் தூக்கி எறியாமல் பயன்படுத்துகிறோமே, அதை ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய்?" என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் நான் முள்வேலிக் கீறல் உறையை வாங்கினேன். 1,400 ரூபாய். கீறலுக்குத் தள்ளுபடி கேட்டேன், தரவில்லை.

துபாய் கடைசியில் நாத்தனார் மகளுக்கு ஒரு சிவப்புக் கைப்பை வாங்கினாள். ஆம்பூர் தையலை எண்ணிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் பணம் கொடுத்தாள். சாப்பாடு சுமார். குழம்பில் உப்பில்லை.

மாலை நான்கரைக்குக் காரைத் திறந்தபோது அடுப்பைத் திறந்ததுபோல அனல் அடித்தது. மன்னார்குடி டிக்கியைத் திறந்து, உறையைக் கழற்றி, வலப்பக்க வாயான வலந்தலையைச் சுண்டினாள். சின்ன வயதில் அவளும் வாசித்தவள். முகம் மாறியது. கரணையின், அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் நடுவே ஒரு விரிசல், ஓரத்தில் தோல் பிய்ந்து நூலிழை இடைவெளி. உள்ளே நாங்கள் பதனிட்ட தோல்களைக் குளிரில் வைத்துப் பாராட்டிக்கொண்டிருந்த ஆறு மணி நேரமும் இது வெயிலில் வெந்திருக்கிறது.

"குரோமிய உப்பில் பதனிட்ட தோலைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பரிசோதிப்போம், சுருங்காது" என்றாள் ஆம்பூர் மெதுவாக. "பச்சைத் தோல் ஈரத்தோடு இருந்தால் அறுபது சொச்சம் டிகிரியிலேயே சுருண்டுவிடும். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்."

அறைக்கு வரும்வரை யாரும் பேசவில்லை. மன்னார்குடி மட்டும் மகனிடம் போனில், "நன்றாக இருக்கிறது கண்ணா, நாளைக்குக் கொடுக்கிறேன்" என்று பொய் சொன்னாள்.

மூன்றாம் நாள்: பட்டறை

கீழவாசலைத் தாண்டிய ஒரு சந்தில் அந்தப் பட்டறை. எட்டுக்குப் பத்து அறை. மார்கழிக் கச்சேரிகள் முடிந்து பழுதுக்கு வந்த மிருதங்கங்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. தலை கழற்றிய பலாமரக் கட்டைகள் வெறும் குடம் போல நின்றன. கட்டை பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறதாம். பெரியவர் தரையில் உட்கார்ந்து கால் விரலில் தோல் வாரை மாட்டி இழுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மகன் கரணை போட்டுக்கொண்டிருந்தான். சோற்றோடு ஒரு வகைக் கறுப்புக் கல் பொடியைக் குழைத்த களி. ஒரு துளி வைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, காயவிட்டு, மறுபடி ஒரு துளி. நாங்கள் இருந்த இரண்டு மணி நேரத்தில் அவன் ஒரு காசு கனம்கூட ஏற்றவில்லை.

பெரியவர் மன்னார்குடியின் மிருதங்கத்தை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். வெயிலில் விட்ட குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார், அது திட்டைவிட மோசம்.

"எங்கே வைத்தீர்கள் அம்மா?"

"காரில்."

"காரிலா!" மகனைப் பார்த்தார். மகன் தலையை ஆட்டினான். "தொப்பிப் பக்கம் பிழைத்துவிட்டது. வலந்தலைக்கு மூட்டு மாற்ற வேண்டும்."

மூட்டு என்பது தோல் தட்டுகளையெல்லாம் சேர்த்துக் கட்டிய முழு வாய். மாடு, எருமை, ஆடு மூன்றும் ஒரு மிருதங்கத்தில் இருக்கின்றன. கரணை ஏறும் தட்டு ஆட்டுத் தோல். அதற்கு மேல் வளையமாக வரும் வெட்டுத்தட்டு மாட்டுத் தோல். இடப்பக்கத் தொப்பியின் வெளித்தட்டும், இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும் வாரும் எருமை. வெட்டுத்தட்டுக்குக் கீழே ஈர்க்குச்சித் துண்டுகளைச் செருகினால் குச்சி மிருதங்கம். சிறு கல் துகளைப் போட்டால் கப்பி மிருதங்கம். குச்சி அளவில் ஒரு மயிரிழை மாறினாலும் நாதம் மாறிவிடும் என்றார்.

ஆம்பூர் ஒரு தோல் தட்டை விரலால் தடவி, வழக்கம்போல ஓரத்தைப் பார்த்தாள். பதினெட்டு வருட அனுபவத்தில் அவளுக்குக் கைவராத தோல். "இதற்கு என்ன பதம் போடுவீர்கள்?" என்று கேட்டாள்.

"பதமா? சுண்ணாம்பும் கிடையாது, பட்டையும் கிடையாது. மயிரை வழித்து, இழுத்துக் கட்டிக் காய வைப்பதுதான். பதம் போட்டால் பேசாது அம்மா."

ஆம்பூர் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியானால் எங்கள் கணக்கில் இது லெதரே இல்லை" என்றாள்.

"இல்லாமல் இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

நான் வெகு நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கைப்பைக்கும் ஷூவுக்கும் வேண்டியது மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஒன்றும் தெரியாத தோல். அழுகாது, சுருங்காது, ஊறாது; பதனிடுவது அதற்காகவே. மிருதங்கத்துக்கு வேண்டியது எல்லாம் தெரிந்த தோல். ஐப்பசி மழையில் இறங்கும், சித்திரையில் ஏறும், மேடை விளக்குச் சூட்டில் பாட்டின் நடுவே சுருதி விலகும். கலைஞர் கல்லையும் கட்டையையும் எடுத்துப் பின்னலில் தட்டிச் சமாதானப்படுத்துவார். நேற்று காரில் அது செத்ததும் உயிரோடு இருந்ததால்தான்.

மன்னார்குடிக்கு வேறொன்று உறுத்தியது. பாரிஸ் ஹெர்மெஸ் பையில் அதைச் செய்தவரின் குறி உள்ளே எங்கோ பதிந்திருக்கும், ஒரே ஆள் முழுப் பையையும் தைப்பார் என்று துபாய் நேற்று சொல்லியிருந்தாள். சேணம் தைத்த கம்பெனி அது, 1837இல் தொடங்கியது. இன்றும் மெழுகு தடவிய ஒரே நூலில் இரண்டு ஊசி போட்டுச் சேணத் தையல்தான். மன்னார்குடி மிருதங்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். செய்தவர் பெயர் எங்கும் இல்லை. வாசிப்பவரின் பெயர் உறையில் பெரிதாக இருக்கிறது. "பாலக்காடு மணி ஐயரைத் தெரியாதவர் கிடையாது, அவருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்தை எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றாள். பெரியவர் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் வாரை இழுப்பதை நிறுத்தினார். "தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். அதன் பிறகுதான் எங்களுக்கு டீ வந்தது.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எருமை வாரை இழுத்து இழுத்துச் சுட்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு பள்ளம். ஆம்பூர் மட்டும் தொட்டுப் பார்த்தாள். "எங்கள் ஊரில் தோல் சீவுகிறவர்களுக்குக் கட்டைவிரலில் இருக்கும்" என்றாள்.

மூட்டுக்கு மூவாயிரத்துச் சொச்சம். பத்து நாள் ஆகும். "அவசரம் என்றால் வேறு இடம் பாருங்கள்" என்றார், கோபமில்லாமல்.

நான்காம் நாள்: திருவையாறு, பிரிவு

எழுத அதிகம் இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் போகும்போது வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து பாலத்தையும் எண்ணுவது எங்கள் விடுதிக் காலத்துப் பழக்கம். இந்த முறையும் துபாய் நான்கோடு குழம்பினாள். ஆற்றில் தண்ணீர் இன்னும் ஓடுகிறது. மேட்டூரை 28ஆம் தேதி மூடிவிட்டால் பிறகு மணல்தான். அசோகா அல்வா சாப்பிட்டோம், பொட்டலமும் கட்டி வாங்கினோம்.

சம்பா அறுப்பு தொடங்கிவிட்டது. சாலையில் ஒரு பாதி முழுக்க நெல்லைக் கொட்டிக் காயப்போட்டிருக்கிறார்கள். காரை மறுபாதியில் மெல்ல ஓட்டினோம். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக எடுக்க மாட்டார்கள். ஆகவே ஆளாளுக்கு வானத்தைப் பார்த்தபடி காலால் நெல்லைக் கிளறுகிறார்கள். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

பழைய பஸ் நிலையத்தில் பிரிந்தோம். துபாய் தன் பழைய பையைத் தோளிலும், சிவப்புப் பையைப் பெட்டிக்குள்ளும் வைத்திருந்தாள்.

பின் சேர்த்தது: பன்னிரண்டு நாள் கழித்து

இன்று காலை மன்னார்குடி போன் செய்தாள். மிருதங்கம் வந்துவிட்டதா என்று கேட்டேன். வரவில்லை. நான்கு நாளாக டெல்டா முழுக்கத் தூறல், மூடாக்கு. பெரியவரிடம் பேசியிருக்கிறாள். மூட்டு கட்டியாகிவிட்டது, கரணை பாதி ஏறியிருக்கிறது, ஒரு சுற்று காய்ந்தால்தான் அடுத்த சுற்று. மின்விசிறியில் காய வைக்கக் கூடாதா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"போன தடவை சூடு தாங்காமல்தானே என்னிடம் வந்தீர்கள்? வெயில் வரட்டும் அம்மா" என்றாராம்.

அவள் வீட்டு வாசலில் மாமனாரின் நெல் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அதற்கும் அதே பதில்தான்.